உளுந்துக்கு மரு வந்த வருஷம்

எனக்கு வந்த வரன்களை எல்லாம் அப்பா ஊரை வைத்துத்தான் எடை போட்டார். பம்பாய் மாப்பிள்ளை என்றால், அங்கே எல்லாரும் இந்தி பேசுவார்கள், பிள்ளைக்குப் பேச்சுத் துணை இருக்காது. மெட்ராஸ் என்றால் தண்ணீர்ப் பஞ்சம். மதுரை மாப்பிள்ளைக்குக் காது சின்னதாக இருந்ததாம். கடையநல்லூரிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும் ஊர். வழியில் இருக்கும் பாலம் மழைக்குத் தாங்காது என்று சொல்லி அதையும் தட்டிக் கழித்துவிட்டார். அந்தப் பாலத்தின் மேல் அதைக் கட்டினவர்களுக்கே அவ்வளவு அக்கறை இருந்திருக்காது.

நான் ஒரே பிள்ளை. பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்து முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலில் வீட்டோடு இருந்தேன். சும்மா இருக்கிறவளுக்குக் கோபம் மட்டும் சும்மா இருக்காது. ஒருநாள் அம்மாவிடம், இவருக்கு எந்த மாப்பிள்ளையைத்தான் பிடிக்கும் என்று எரிந்து விழுந்தேன். அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தாமல் சொன்னாள்.

"ஒங்கப்பாவுக்கு மாப்பிள்ள பிடிக்காம இல்லட்டி. நீ போறதுதான் பிடிக்கல."

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் வட்டாரத்துக்கு வேளாண்மைத் துறையில் ஓர் இளைஞர் வேலைக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஆட்கள்தான், சைவம், தூரத்துச் சொந்தம் வேறு. அவர் அறை எடுத்துத் தங்கியிருந்தது எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில். ஜாதகம் வந்ததும் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரைச் சொல்லித் தட்ட வழியில்லை. இடையில் பாலமும் இல்லை. "டிரான்ஸ்பர் உள்ள உத்தியோகம்லா" என்று மட்டும் முனகினார். அம்மா காதில் வாங்காமல் அவர்களை வரச் சொல்லிவிட்டாள்.

வந்தவர் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த உளுந்த வடையைப் பார்த்தார். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நான் நின்றுகொண்டிருக்க, அவர் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டு உளுந்தா?" என்பது. அப்பாவுக்குப் பனவடலிசத்திரத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. ஐப்பசி மழையை நம்பி உளுந்து போடுவார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பேச்சு தொடங்கிவிட்டது. மண் எப்படி, விளைச்சல் எப்படி, யூரியா போடுகிறீர்களா என்று போய், கடைசியில் அவர் தன் சரக்குக்கு வந்தார். உளுந்து வேரைச் சுற்றி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை வேருக்குள் புகுந்து குடியிருந்து காற்றில் உள்ள சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், விதையோடு கலந்து போட இப்போது பாக்கெட்டில் கொடுக்கிறோம் என்றார். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் படம் வரைந்து, கலர் பென்சிலால் முடிச்சு முடிச்சாகத் தீட்டி மார்க் வாங்கியிருக்கிறேன். நிஜ உளுந்துச் செடி ஒன்றைக்கூடப் பிடுங்கிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குப் பழக்கமானது. தட்டிக் கழிக்க ஒரு வழி கிடைத்துவிட்டால் வரும் வெளிச்சம்.

"அப்பம் ஒண்ணு செய்வோம் தம்பி. பாதி வயலுக்கு ஒங்க பாக்கெட்டு. பாதி வயலு நாங்க எப்பவும் போடுத மாதிரி. ஒங்க பாதி எப்படி வருதுன்னு பாத்துட்டு மேக்கொண்டு பேசுவோம்."

பெண் கேட்டு வந்தவருக்கு வயலில் பரீட்சை வைத்த ஒரே தகப்பன் எங்கள் ஜில்லாவில் இவராகத்தான் இருக்கும். அந்த மனிதராவது கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே, வாசல் வரை போனவர் திரும்பி வந்து, யாரும் கேட்காமலே, "சில மண்ணுல இது பெருசா வித்தியாசம் காட்டாது. அதையும் சொல்லிரணும்ல" என்றாரே, அப்போது கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது. காரியம் ஆக வேண்டும் என்று வந்த இடத்தில் தன் சரக்கின் குறையைச் சொல்லுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

விதைப்புக்கு முன்னால் பாக்கெட்டுகள் வந்தன. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு பொடி. ஆறின சோற்றுக் கஞ்சியில் குழைத்து விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். வெயில் படக் கூடாது, காய்ந்து போகக் கூடாது, உள்ளே இருப்பது உயிர், செத்துவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதுவரைக்கும் பாக்கெட்டுகள் குளுமையாக இருக்கட்டும் என்று அம்மா அவற்றைக் குளியலறைச் சுவர்ப் பிறையில் வைத்தாள். மறுநாள் காலையில் அப்பா பல் துலக்கிவிட்டு வந்து, இந்தப் பல்பொடி ருசியே இல்லை, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். பாக்கெட்டின் ஒரு மூலை கிழிந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் அவர் கொப்பளித்த கொப்பளிப்பில் தொட்டித் தண்ணீர் தீர்ந்தது. "பல்லுக்கும் வேர் உண்டும்லா, நல்லா பிடிக்கட்டும்" என்றாள் அம்மா. அன்று முழுக்க அப்பா வாயைத் திறக்கவில்லை. அடிக்கடி நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அப்பா யோக்கியர். பாக்கெட் பாதியைக் கெடுத்து வைத்து ஜெயிக்கலாம் என்று நினைக்கிற ஆள் இல்லை. சொன்னபடி கஞ்சியில் பிசறி, நிழலில் உலர்த்தி, ஈரத் துணி போட்டு மூடி பஸ்ஸில் கொண்டு போய், கிழக்குப் பாதியில் தானே நின்று விதைத்துவிட்டு வந்தார். மழையும் அந்த வருஷம் குறை வைக்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் மதியம், வயலுக்குப் போனவர் போன சுருக்கில் திரும்பினார். துண்டில் எதையோ பொதிந்து, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கூடத்தில் விரித்துக் காட்டினார். வேரோடு பிடுங்கிய ஓர் உளுந்துச் செடி. வேர் நெடுகக் குட்டிக் குட்டியாக உருண்டைகள்.

"பாரு. செடி பூராவும் மரு." குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம்.

இதுதான் வேர் முடிச்சு அப்பா, இது இருந்தால்தான் நல்லது, நான் படமே வரைந்திருக்கிறேன் என்று கத்தினேன். நீ படத்தில் பார்த்தாய், நான் வேரில் பார்த்தேன் என்றார். மற்ற பாதியில் உண்டா என்று கேட்டேன். அங்கேயும் ஒன்றிரண்டு உண்டாம், ஆனால் இது மாதிரிக் கொத்துக் கொத்தாக இல்லையாம். இவ்வளவு வருஷமாக உளுந்து போடுகிற மனிதர் ஒருநாளும் இதைப் பார்த்ததில்லையா என்றால், செடியை அறுத்துத்தானே வழக்கம், பச்சையாக இருக்கும்போது எவன் பிடுங்கி வேரை ஆராய்வான் என்றார். அதுவும் நியாயம்தான்.

மரு வந்தால் சங்கரன்கோவிலில் பிறந்தவர்களுக்கு வைத்தியம் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மனுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போட வேண்டும், கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூச வேண்டும். அப்பாவின் புத்தி நேராக அங்கே போயிற்று. உளுந்தின் பேரில் உப்பு மிளகு போட்டார். அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற இடத்தில் யாருக்கு மரு என்று கேட்டிருக்கிறார்கள். வயலுக்கு என்றாராம். கேட்டவர் அப்பாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நட்சத்திரம் கேட்காமல் விட்டுவிட்டார். பிறகு புற்றுமண்ணை ஒரு குடம் தண்ணீரில் கரைத்து, கிழக்குப் பாதி முழுக்கத் தெளித்துவிட்டு வந்தார். கல்யாணத்தைத் தட்டுவதற்காக இல்லை, உண்மையிலேயே செடியைக் காப்பாற்றத்தான். இதுதான் அப்பாவிடம் உள்ள கஷ்டம். மாப்பிள்ளை தோற்க வேண்டும், செடி பிழைக்க வேண்டும்.

செடி பிழைத்தது மட்டுமில்லை. கிழக்குப் பாதி கருகருவென்று பச்சை பிடித்து நின்றது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மனைப் பாருங்கள் என்றார் அப்பா. எனக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு தம்ளர் உடைந்தன.

பரீட்சை வைத்தவர் முடிவு சொல்ல வேண்டுமே. அம்மா விடவில்லை. அந்தத் தம்பியை வயலுக்கு வரச் சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம் என்று எல்லாரையும் பஸ் ஏற்றினாள். வரப்பில் அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அப்பா மரு, உப்பு, மிளகு, புற்றுமண் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. புற்றுமண்ணிலும் எத்தனையோ உயிர்கள் இருக்கும் ஐயா, அவை கெடுதல் செய்திருக்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். ஒரு முடிச்சை எடுத்து நகத்தால் இரண்டாகக் கீறி அப்பாவின் கண் முன்னால் நீட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார்.

உள்ளே சிவப்பாகத்தான் இருந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, பிசுபிசுப்பாக.

அப்பா இரண்டு அடி பின்வாங்கினார். "இது ரத்தம்லா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாழ்க்கை அந்த வரப்பிலேயே நேராகியிருக்கும். ஆனால் இந்த அரிச்சந்திரன் யோசித்தார். நான் கண்ணால் கெஞ்சுவதை அவர் பார்க்கவே இல்லை.

"ரத்தம்னு சொல்ல முடியாது. நம்ம ரத்தத்துல ஒரு செவப்புச் சத்து இருக்குல்லா, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு சொல்லலாம்."

அந்தச் செடியைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாம் போல இருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம், ரத்தச் சம்பந்தம் உள்ள பயிரை எங்கள் வயலில் வைத்தவரோடு எப்படிச் சம்பந்தம் பண்ணுவது என்றார். வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், பஸ்ஸில் வரும்போது இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது என்பதே அந்தப் பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா வீட்டுக்கு வந்ததும் உளுந்து டின்னைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

மறுநாள் காலை அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். வந்தது ரவை உப்புமா. உப்புமாவைப் பார்த்தால் அப்பாவுக்குக் காய்ச்சல் வரும் என்பது சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரியும். இட்லி எங்கே என்றார்.

"ரத்தம் உள்ள பயிர எப்படி அரைக்கது? நாம சைவம்லா" என்றாள் அம்மா.

தோசையும் போயிற்று, வடையும் போயிற்று. அப்பாவின் உயிரான உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் போயின. உப்புமாவில்கூடத் தாளிப்பில் வெறும் கடுகுதான் கிடந்தது. அடுத்து அம்மா என்னிடம் வந்து, இந்த முடிச்சு உளுந்துக்கு மட்டும்தானா, வேறு எதற்கெல்லாம் உண்டு என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். படித்த படிப்பு அன்றுதான் உதவியது. பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு, கடலை எல்லாவற்றுக்கும் உண்டு என்று கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னேன். சாம்பார் நின்றது. பாசிப்பருப்புச் சொதி நின்றது. அப்பாவின் இலையில் புளித்தண்ணீர் மாதிரி ஒரு ரசமும் மோரும் அப்பளம் இல்லாத சோறும் மிஞ்சின. அப்பளத்திலும் உளுந்துதானே. ஒரு மாலை அப்பா சட்டை போட்டுக்கொண்டு பஜார் ஹோட்டலுக்குக் கிளம்பினார். சைவம் கடைக்குப் போனால் மாறிவிடுமா என்று அம்மா நடையில் நின்று கேட்டாள். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் அப்பா, தானாக, அந்தத் தம்பியின் அறைக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா மெலிந்திருந்தார். அவரை எதிரே உட்கார வைத்து, அந்த முடிச்சு விவகாரத்தை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். செடி தன் இலையில் செய்த இனிப்பை வேர் வழியாகக் கொடுக்கிறது, இருக்க இடமும் கொடுக்கிறது, அந்த உயிர் காற்றிலிருந்து சத்தைப் பிடித்து வாடகை மாதிரிக் கொடுக்கிறது, யாரும் யாரையும் கொல்லவில்லை, அதனால் இது சைவம்தான் என்றார் அவர். அப்பா மோட்டுவளையை அண்ணாந்து பார்த்தார்.

"வீட்டோட மாப்பிள்ளன்னு சொல்லுதிய."

அப்படியும் சொல்லலாம் என்றார் அவர்.  தான் வீட்டோடு இருக்கப்போவதில்லை, டிரான்ஸ்பர் வரும் என்று இந்த மனிதர் இதற்கும் உண்மை சொல்லித் தொலைப்பாரோ என்று எனக்குப் பயம். ஆனால் அப்பாவின் அடுத்த கேள்வி வேறாக இருந்தது. செடியை அறுத்த பிறகு அது என்ன ஆகும் என்று கேட்டார். முடிச்சு அழுகி, உள்ளே இருப்பது மண்ணுக்குத் திரும்பிவிடும், அடுத்த உளுந்து வரும்வரை அங்கேயே கிடக்கும் என்றார். உளுந்தே பார்க்காத புது மண்ணில் போட்டால் என்று கேட்டார் அப்பா. அங்கே அது இருக்காது, செடி வெளுத்துப்போய் நிற்கும், பாக்கெட் வராத காலத்தில் நல்லா விளைந்த வயல் மண்ணைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போய்ப் புது வயலில் தூவுகிற வழக்கம் உண்டு, காயாமல் கொண்டு போனால் போதும் என்றார்.

அப்பா எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

"தை பொறக்கட்டும். நாளைக்கு இட்லிக்குப் போடு."

தையில் கல்யாணம். அறுப்பில் கிழக்குப் பாதி மேற்குப் பாதியை நன்றாகவே ஜெயித்தது. யார் ஜெயிக்க வைத்தது என்பதில் மட்டும் மாமனாரும் மருமகனும் ஒரு முடிவுக்கு வரவில்லை. உப்பு மிளகு என்பார் அப்பா. பாக்கெட் என்பார் இவர். கல்யாணப் பந்தியில்கூட உளுந்த வடை வரும்போது எல்லாம் அந்தப் பேச்சு வந்தது. அப்பா கடைசி வரைக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உயிரோடு மண்ணில் இருக்கிறது என்று வாயால் ஒப்புக்கொண்டதே இல்லை.

அடுத்த வருஷமே அப்பா பயந்தது நடந்தது. தருமபுரிப் பக்கம் மாற்றல். சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு அம்மா வரவில்லை, வந்தால் அழுவேன் என்றாள். அப்பா வந்தார். ரயில் வருவதற்குள் தருமபுரியில் குளிர் உண்டா, தண்ணீர் உண்டா, வழியில் பாலங்கள் எத்தனை என்று எதையெதையோ இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை. வண்டி வந்து நாங்கள் ஏறியதும் ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக் கொடுத்தார். மேலாகக் கோயில் புற்றுமண் பொட்டலம் தெரிந்தது. கனம் தாங்காமல் என் கை தாழ்ந்தது.

இவ்வளவு புற்றுமண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்குக் கோபமாகத்தான் பேச வந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் எஞ்சின் இருக்கும் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"கோயில் மண்ணு தனியா மடிச்சு மேல இருக்கு. அடியில உள்ளது நம்ம கெழக்கு வயலு மண்ணு. அங்கன போயி உளுந்து போட்டா மொதல்ல இதத் தூவிட்டுப் போடு. புது மண்ணு பாரு, அதுக்கு நம்மளப் பழக்கம் இருக்காது."

வண்டி நகர்ந்தது. அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டார். நான் ஏங்கி ஏங்கி அழுதேன். பக்கத்தில் இருந்த இவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபோது எல்லாரும் செய்வது போலப் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே மண்ணை ஒரு சாக்குத் துணியில் கட்டி, அந்தத் துணியை நனைத்து, மேலே வாழை இலை சுற்றி வைத்திருந்தது.

அவர் முகம் பூரித்துப்போயிற்று. "பாரு, காயாமக் குடுத்திருக்காரு. நம்பிட்டாரு பாத்தியா" என்றார்.

நான் பையை அவரிடமிருந்து பிடுங்கி, வெயில் படாமல் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். விருதுநகரில் வண்டி மாறும்போது குழாய்த் தண்ணீர் பிடித்து, சாக்கை மறுபடி நனைத்துக்கொண்டேன்.